செவ்வாயும் வெள்ளியும் எட்டு

ஜூன் 6, வெள்ளி

யூனியனில் வருஷா வருஷம் கொடுக்கிற டைரி. ஜனவரியிலிருந்து டிவிக்கு அடியில் சும்மா கிடந்தது. இன்றைக்குத்தான் தூசி தட்டி எடுத்தேன்.

நேற்று என் வீட்டுக்காரி ஆவுடைக்கு இரண்டாவது ஊசி. ஊசி என்றால் குத்தி எடுக்கிற ஊசி இல்லை, நாலு மணி நேரம் சொட்டுச் சொட்டாக ஏறுகிற மருந்து. மார்பில் கட்டியை அறுத்து எடுத்து இரண்டரை மாதம் ஆகிறது. மொத்தம் ஆறு ஊசி, இருபத்தொரு நாளைக்கு ஒன்று. எங்கேயாவது மிச்சம் மீதி ஒட்டிக்கொண்டிருந்தால் அது சாகவேண்டும் என்றால் ஆறும் போட்டாக வேண்டும், நடுவில் விட்டால் அறுத்ததே வீண் என்று டாக்டரம்மா கறாராகச் சொல்லிவிட்டார்.

கிளம்பும்போது நர்ஸ் பிள்ளை ஒரு நீல அட்டை நோட்டைக் கொடுத்தது. சோர்வு நோட்டு. தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு நோயாளியைக் கேட்டு ஒரு எண் எழுத வேண்டும். பூஜ்யம் என்றால் சோர்வே இல்லை. பத்து என்றால் எழுந்திருக்கவே முடியவில்லை. ஆவுடைக்கு விரல் நுனி மரத்துப் போய் பேனா நிற்கமாட்டேன் என்கிறது. "ஸார் எழுதிருவீங்கல்ல?" என்று அந்தப் பிள்ளை என்னைக் கேட்டது. யாரைப் பார்த்து என்ன கேள்வி. பஸ் ஸ்டாண்டில் முப்பத்தொரு வருஷம் டைம் கீப்பர் நான். எந்த வண்டி எத்தனை மணிக்கு உள்ளே வந்தது, எத்தனை மணிக்கு வெளியே போனது என்று எழுதியே காலத்தை ஓட்டியவன். ஒரு நிமிஷத்தை மாற்றிப் போடச் சொல்லி எத்தனையோ பேர் டீ வாங்கிக் கொடுத்துப் பார்த்தார்கள். டீயைக் குடித்தேனே தவிர நிமிஷத்தை மாற்றவில்லை.

நீல நோட்டில் எண்ணுக்கு மட்டும்தான் கட்டம் இருக்கிறது. மற்றதை எழுத இந்த டைரி.

இன்று 7.

ஜூன் 9, திங்கள்

9.

ரசம் சாதம் இரண்டு கரண்டி கரைத்துக் கொடுத்தேன். ஒரு கரண்டியோடு சரி. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டு, "மூணாவது ஊசி எனக்கு வேண்டாம்" என்றாள். வலி இருந்தால்கூடப் பொறுத்துக்கொள்ளலாமாம். இந்த அசதியைத்தான் தாங்க முடியவில்லையாம். தலையணையிலிருந்து தலையைத் தூக்குவதே ஒரு நாள் வேலையாக இருக்கிறதாம்.

சொல்லிப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன், அதட்டியும் பார்த்தேன். ஓசூரிலிருந்து மகள் செண்பகம் போனில் அழுதாள். ஒன்றும் நடக்கவில்லை.

கால் உளைகிறது என்றாளே என்று கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து பாதத்தில் கை வைத்தேன். அவ்வளவு அசதியிலும் வெடுக்கென்று காலை இழுத்துக்கொண்டாள்.

"என்ன காரியம் பண்ணுதீங்க? புருசன் பொண்டாட்டி காலைத் தொடலாமா? இருக்கிற பாவம் பத்தாதா எனக்கு?"

"அம்மியில வச்சு மெட்டி போட்டப்ப தொட்டேனே."

"அது அய்யரு சொல்லித் தொட்டது. அன்னைக்கு ஒரு நாளு. பேசாம போங்க."

அவள் பொங்கலுக்கும் ஆடிப்பெருக்குக்கும் என் காலில் விழுந்து கும்பிடுகிறவள். முப்பத்தேழு வருஷமாக நானும் நின்று வாங்கிக்கொண்டிருக்கிறேன். போய் வாசலில் நின்றேன்.

ஜூன் 12, வியாழன்

8. ஆஸ்பத்திரியிலிருந்து போன். மூன்றாவது ஊசி வேண்டாம் என்கிறாள் என்று சொன்னேன். அங்கே சோர்வைக் குறைக்க மெதுவாகக் கை கால் பிடித்துவிடுகிறவர்கள் இருக்கிறார்களாம். படித்துப் பயிற்சி எடுத்தவர்கள். நம் பக்கம் ஒரு அம்மா இருக்கிறாராம், செவ்வாயும் வெள்ளியும் நாலு மணிக்கு வீட்டுக்கே அனுப்புகிறார்களாம். சரி என்றேன். கை கால் பிடித்தால் புற்றுநோய் போய்விடுமா என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டேன்.

ஜூன் 17, செவ்வாய்

வந்தது. பெயர் ஜெபக்கனி. நாற்பது நாற்பத்திரண்டு வயசு இருக்கும். நாலு மணிக்கு வருவதாகச் சொல்லி மூன்று ஐம்பத்தெட்டுக்கு ஸ்கூட்டியை நிறுத்தியது. நேரத்தில் குறை சொல்ல முடியவில்லை.

"அண்ணாச்சி, இதுனால சீக்கு போவாது. அதுக்கு ஊசிதான். இது அசதியைக் கொஞ்சம் எறக்கி வைக்கும், அவ்வளவுதான்" என்று வாசலிலேயே சொல்லிவிட்டது. ஆபரேஷன் பண்ணிய பக்கத்துக் கையைத் தொடமாட்டேன், அழுத்தமாட்டேன் என்று வேறு சொன்னது. நான் கேட்கவேயில்லை. பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டது. என் வீட்டுக் கதவு.

நாற்பது நிமிஷம். வெளியே வந்து, "அக்கா தூங்குறாக, எழுப்பாதீங்க" என்றது. ஆவுடை பகலில் கண்ணை மூடி ஒரு மாதம் இருக்கும். எட்டிப் பார்த்தேன். வாய் லேசாகத் திறந்திருக்க, கால் இரண்டையும் நீட்டித் தூங்குகிறாள்.

ஆறு மணிக்குக் கேட்டேன். 5 என்றாள். எழுதினேன்.

ஏழு மணிக்குத் தானே எழுந்து வந்து தோசை கேட்டாள். பாதித் தோசையில் நிறுத்தி, "அடுத்து வெள்ளிக்கிழமைதானே வருவா?" என்றாள். பிறகு, "மூணாவது ஊசி போட்டுக்கிடுதேன்."

சந்தோஷப்பட வேண்டிய விஷயம். பட்டேன். ஆனால் நான் மூன்று நாள் கெஞ்சினேன், பெற்ற பிள்ளை அழுதாள். முகம் தெரியாத ஒருத்தி வந்து நாற்பது நிமிஷம் காலைப் பிடித்ததும் சம்மதம் வந்துவிட்டது. எழுதி வைக்கிறேன், அவ்வளவுதான்.

ஜூன் 20, வெள்ளி

உள்ளே சிரிப்புச் சத்தம். ஆவுடை சிரிக்கிறாள். நான் கூடத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். ஒட்டுக்கேட்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. கதவுப் பக்கம் நிழலாக இருந்தது, நாற்காலியை அங்கே இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"கடையம், ஆழ்வார்குறிச்சி, பாபநாசம் வண்டி புறப்படத் தயார்" என்று மூக்கால் பேசிக் காட்டுகிறாள். நான் மைக்கில் பேசுவது மாதிரியாம். "தூக்கத்துல கூட வண்டியக் கெளப்புவாகம்மா. ஒருநாளு என் தோளத் தட்டி, எடு எடு, பின்னால வண்டி நிக்கின்னாக." அதற்கு அந்த அம்மா சிரிக்கிறது, இவள் சிரிக்கிறாள்.

என்னிடம் ஒரு நாள்கூட இதைச் சொன்னதில்லை. நான் தூக்கத்தில் பேசுவேன் என்பதே எனக்கு இன்றைக்குத்தான் தெரியும்.

4 என்றாள். நாலை நாலாகவே எழுதினேன்.

ஜூன் 24, செவ்வாய்

இன்றைக்கு எனக்கு மனசு சரியில்லை. ஜெபக்கனி போகும்போது சொன்னது: "தையல் போட்ட எடம் நல்லா ஆறியிருக்கு அண்ணாச்சி. அக்காவே காட்டுனாக."

அக்காவே காட்டினாளாம். ஆபரேஷன் முடிந்து வந்த நாளிலிருந்து ஆவுடை எனக்கு முன்னால் சேலை மாற்றியதில்லை. கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுத்தான் மாற்றுகிறாள். கட்டு மாற்ற நர்ஸ் வந்தபோது என்னை வெளியே போகச் சொன்னாள். நானும் கேட்டதில்லை, கேட்கக் கூசியது. மூன்றாவது தடவை பார்த்த ஒருத்திக்குக் காட்டியிருக்கிறாள். வயிறு எரிகிறது. பொம்பளைக்குப் பொம்பளை என்று சமாதானம் சொல்லிக்கொண்டாலும் எரிவது நிற்கவில்லை.

ஆறு மணிக்கு 4 என்றாள். ஆவுடைக்கு எதையும் குறைத்துச் சொல்லியே பழக்கம். பிரசவ வலியையே வயிற்று உப்புசம் என்று சொன்னவள். அதனால் 6 என்று எழுதினேன். அதுதான் சரியாக இருக்கும்.

ஜூன் 26, வியாழன்

மூன்றாவது ஊசி போட்டாயிற்று. நல்லபடியாக வீடு வந்தோம்.

ஜூலை 2, புதன்

நேற்று அந்த அம்மா வந்து போன பிறகு 5 என்றாள். 7 எழுதினேன்.

பிடித்துவிடுவது என்ன பெரிய வித்தையா? என் முழங்கால் பிசகினால் நானே நல்லெண்ணெய் போட்டு அழுத்தித் தேய்த்து நிமிர்த்துகிறவன். காலைத் தொட்டால்தானே பாவம், கையில் என்ன பாவம்? இன்று மத்தியானம் ஆவுடையின் நல்ல கையை வாங்கி முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை நன்றாக அழுத்திப் பிடித்துவிட்டேன். பல்லைக் கடித்துக்கொண்டு பேசாமல் இருந்தாள்.

"எப்படி இருக்கு?"

"நல்லாருக்கு."

நல்லா இருக்கிறது என்றுதான் சொன்னாள்.

ஜூலை 4, வெள்ளி

அந்தக் கையில் நீலம் பாரித்திருக்கிறது. ஐந்து இடம். என் விரல் ஐந்து.

ஜெபக்கனி வெளியே வந்து, "யார் பிடிச்சது அண்ணாச்சி?" என்று கேட்டது. சத்தம் போடவில்லை. "இந்த மருந்து ஏறுறப்ப ரத்தம் உறையுறது கொறைஞ்சிரும். லேசா அழுத்துனாலே கன்னிப் போயிரும். பச்சப்பிள்ளைக்குப் பவுடர் போடுத மாதிரிதான் தொடணும்" என்றது. எனக்கு வகுப்பெடுக்கிறது. தலையை ஆட்டினேன்.

அதோடு போனதா என்றால் இல்லை. உள்ளே போனால் ஆவுடையின் கால் விரல் மொட்டையாக இருக்கிறது. மெட்டி இல்லை. ஜன்னல் திட்டில் ஒரு சின்னக் கிண்ணத்தில் கிடக்கிறது.

"கால் வீங்கியிருக்கு, மெட்டி இறுக்குதுன்னு அவதான் சோப்புப் போட்டுக் கழத்துனா. விரலு அத்துப் போற மாதிரி வலிச்சிச்சு" என்றாள் ஆவுடை.

மெட்டியை எப்போது கழற்றுவார்கள் என்று ஊருக்கே தெரியும். புருஷன் போன பிறகு. நான் குத்துக்கல்லாட்டம் இங்கே உட்கார்ந்திருக்கிறேன். நான் போட்ட மெட்டி. என்னைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கழற்றித் தந்திருக்கமாட்டேனா? தந்திருக்க முடியாது, காலைத்தான் தொடவிடமாட்டாளே. அவள் கால் ஊரில் எல்லோருக்கும் உண்டு, எனக்கு மட்டும் கிடையாது.

3 என்றாள். 8 எழுதினேன்.

ஜூலை 8, செவ்வாய்

8.

ஜூலை 11, வெள்ளி

8. அவள் சொன்னது 3. இதில் மட்டும் அவள் சொன்னதையும் எழுதி வைக்கிறேன். ஏன் என்று தெரியவில்லை. கைப்பழக்கம்.

செவ்வாய், வெள்ளி தவிர மற்ற நாளெல்லாம் அவள் சொன்னதைச் சொன்னபடியே எழுதுகிறேன்.

ஜூலை 17, வியாழன்

நாலாவது ஊசி. ஆவுடைக்கு உள்ளே மருந்து ஏறிக்கொண்டிருந்தது. என்னை டாக்டரம்மா கூப்பிட்டு உட்காரவைத்து நீல நோட்டைப் புரட்டினார். புரட்டினவர் நிறுத்தி, பேனாவால் தட்டித் தட்டிப் பார்த்தார்.

"செவ்வாய் எட்டு, வெள்ளி எட்டு. நடுவுல நாலு, அஞ்சு. அந்த ரெண்டு நாளும் வீட்டுல என்ன நடக்குது?"

நர்ஸ் பிள்ளைதான், "ஜெபக்கனி அக்கா போற நாள் டாக்டர்" என்றது.

"சில பேருக்கு ஒத்துக்காது. தொட்டாலே அசதி கூடும். கொஞ்ச நாள் நிறுத்திப் பாப்போம். என்ன சொல்றீங்க?"

"நீங்க சொன்னாச் சரிதான் டாக்டர்" என்றேன்.

நானாக நிறுத்தச் சொல்லவில்லை. இதை இங்கே எழுதி வைக்கிறேன். என் வாயால் சொல்லவில்லை.

ஆட்டோவில் வரும்போது ஆவுடையிடம் சொன்னேன். "அப்படியா" என்றாள்.

ஜூலை 18, வெள்ளி

நாலு மணி ஆயிற்று, ஐந்து மணி ஆயிற்று, ஸ்கூட்டி வரவில்லை. வீடு நிம்மதியாக இருந்தது. ஆவுடைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பேப்பர் படித்துக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். கேட்டாள் என்றுதான் நினைக்கிறேன்.

ஜூலை 22, செவ்வாய்

8 என்றாள்.

நிறுத்தின பிறகு ஏறியிருக்கிறது என்று எழுதினால் டாக்டரம்மாவுக்குக் குழப்பம் வரும். ஊசி போட்ட முதல் வாரம் யாருக்கும் கூடத்தான் செய்யும். 4 எழுதினேன்.

நாலு மணிக்கு ஒரு வண்டிச் சத்தம் கேட்டதும் ஆவுடை வாசலைத் திரும்பிப் பார்த்தாள். எதிர்வீட்டுக்குத் தண்ணீர் கேன் போட வந்த வண்டி.

ஜூலை 25, வெள்ளி

9 என்றாள்.

நர்ஸ் பிள்ளை போன் பண்ணியது. "நம்பர் எப்படி இருக்கு ஸார்? இனிமே ஏழுக்கு மேல போனா உடனே ரத்தம் பாக்க வரச் சொல்லியிருக்காங்க."

"நாலும்மா. நாலுதான்."

"அப்ப நல்லா இருக்காங்க. நிறுத்துனது நல்லதாப் போச்சு."

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் ஆவுடை கட்டிலிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். பேசினது அவள் காதில் விழுந்திருக்காது. மின்விசிறிச் சத்தம் அதிகம்.

ஜூலை 27, ஞாயிறு

9. 4. இன்று எண்ணைச் சொல்லவில்லை, விரலால் காட்டினாள்.

ஜூலை 29, செவ்வாய்

ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

காலையில் தோசைக்கல்லை அடுப்பில் வைத்தேன். அவள் பல் தேய்க்கப் போனாள். சத்தமே இல்லை. போய்ப் பார்த்தால் துவைக்கிற கல்லில் முதுகைச் சாய்த்துக் கீழே உட்கார்ந்திருக்கிறாள். உதடு வெளுத்திருந்தது. "எந்திரிக்க வரலைங்க" என்றாள். தூக்கினேன். இத்தனை லேசாக இருப்பாள் என்று எனக்குத் தெரியாது.

ரத்தம் ஆறு புள்ளி ஒன்பதுதான் இருக்கிறதாம். பன்னிரண்டு இருக்க வேண்டியது. இரண்டு பாட்டில் ஏற்றுகிறார்கள். நாலு நாளைக்கு முன்னால் வந்திருந்தால் இவ்வளவு இறங்க விட்டிருக்கமாட்டோம் என்றார்கள்.

நாலு நாளைக்கு முன்னால் வெள்ளிக்கிழமை.

ஜூலை 30, புதன்

காலையில் டாக்டரம்மா ரவுண்ட்ஸ் வந்தார். கையில் நீல நோட்டு. முகம் சரியில்லை.

"நோட்டுல நாலு, நாலு, நாலுன்னு இருக்கு. ஆறு புள்ளி ஒன்பதுல ஒருத்தருக்கு நாலு இருக்கவே இருக்காது. யாரு இதை எழுதுனது?"

நான் வாயைத் திறப்பதற்குள் ஆவுடை கட்டிலில் இருந்தபடியே சொன்னாள்.

"அவுக மேல தப்பில்ல டாக்டர். நாந்தான் கொறச்சுச் சொன்னேன். கூடச் சொன்னா ஊசியை நிறுத்திருவீங்களோன்னு பயம்."

டாக்டரம்மா அவளைக் கடிந்துகொண்டார். இனிமேல் இப்படிப் பொய் சொல்லக்கூடாது, உயிரோடு விளையாடாதீங்க என்றார். ஆவுடை சரிங்க டாக்டர், சரிங்க டாக்டர் என்று திட்டு வாங்கிக்கொண்டாள். பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லாம் பார்த்தார்கள்.

நான் அவள் தலைமாட்டில் தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்படியே நின்றேன்.

அவளுக்குத் தெரிந்திருக்கிறது. எத்தனை நாளாகத் தெரியும் என்று தெரியவில்லை.

ஜூலை 31, வியாழன்

எட்டரைக்கே டாக்டரம்மா அறை வாசலில் போய் நின்றேன். இந்த டைரியை எடுத்துப் போயிருந்தேன். நீல நோட்டை ஒரு பக்கம் விரித்து வைத்து, டைரியை மறுபக்கம் வைத்து, ஜூன் 24லிருந்து விரலை வைத்துக் காட்டினேன். அவள் சொன்னது இது, நான் எழுதினது இது.

"ஏன்?" என்றார்.

"அந்த அம்மா வர்றது எனக்குப் பொறுக்கல" என்றேன். வேறு எப்படிச் சொல்ல. அறுபத்தோரு வயசில் ஒரு ஆள் டாக்டர் முன்னால் சொல்கிற பேச்சா இது.

"உங்க நம்பரைப் பார்த்துத்தான் நான் முடிவு எடுத்தேன்" என்றார். திட்டியிருந்தால் தேவலை. "இனிமே நோட்டுல அவங்களே கைநாட்டு வைக்கட்டும்" என்றார். பஸ் ஸ்டாண்டில் இப்படி ஒருத்தன் பண்ணியிருந்தால் நானே அவன்மேல் ரிப்போர்ட் எழுதியிருப்பேன்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

வீட்டுக்கு வந்துவிட்டோம். முகத்தில் கொஞ்சம் ரத்தம் தெரிகிறது. டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன் என்று அவளிடம் சொன்னேன்.

"எதுக்குச் சொன்னீங்க? நாந்தான் பூசி மெழுகிட்டேம்லா."

"நீ ஏன் பழிய ஏத்துக்கிட்ட?"

"ஒரு நிமிசம் மாத்தி எழுதாதவன்னு ஊரு பூரா சொல்லிட்டுத் திரிஞ்சீங்க. ரிட்டயரான அன்னைக்கு மேடையிலயும் அதைத்தான் சொன்னாக. உங்களுக்குன்னு இருக்கது அந்தப் பேரு ஒண்ணுதான். அது எம் பொருட்டு போவணுமா?"

கண்ணாடியைத் துடைத்தேன்.

"எப்பத் தெரியும் உனக்கு?"

"மெட்டி கழத்துன அன்னைக்கே. நீங்க எட்டுப் போட்டா பேனா ரெண்டு சுத்து சுத்தும். மூணு அப்படிச் சுத்தாது."

"அப்பமே கேட்டிருக்கலாம்லா?"

"எம்மேல இப்படி ஒரு ஆத்தாமை உங்களுக்கு உண்டும்னு முப்பத்தேழு வருசத்துல இப்பத்தானே பாக்கேன். கொஞ்சம் போட்டும்னு இருந்துட்டேன். அதுக்கு மேல சண்டை போடத் தெம்பில்ல." சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். "அஞ்சாவது ஊசி வேண்டாம். இந்தத் தடவ நெசமாத்தான் சொல்லுதேன். இன்னொரு தடவ அந்தக் கல்லுல போயி என்னால உட்கார முடியாது."

வியாழக்கிழமை ஐந்தாவது ஊசி. இன்னும் ஆறு நாள் இருக்கிறது. நான் கெஞ்சினால் நடக்காது. யார் வந்தால் நடக்கும் என்று எனக்குத் தெரியும்.

ஆகஸ்ட் 2, சனி

பக்கத்து வீட்டுக்காரியைத் துணைக்கு உட்காரச் சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஜெபக்கனி வார்டில் இருந்தது. பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். கண்ணாடிக் கதவு வழியாகத் தெரிந்தது. ஒரு தாத்தா, தாடை எல்லாம் கட்டு. அவர் பாதத்தை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருக்கிறது. பிறகு ஒரு சின்னப் பெண், தலையில் முடியில்லை. பிறகு வாயே மூடாமல் யாரையோ திட்டிக்கொண்டிருந்த ஒரு அம்மா. எல்லோரிடமும் அதே கை, அதே நிதானம். ஆவுடைக்கென்றே தனியாக ஏதோ வைத்திருக்கிறது என்று ஒன்றரை மாதமாக நான் எரிந்துகொண்டிருந்தேன். ஒன்றும் இல்லை. இதுதான் அந்த அம்மா வேலை.

ஒன்றேகால் மணி நேரம் கழித்து வந்தது. எல்லாம் கேள்விப்பட்டிருக்கிறது போல. நான் எழுந்து நின்றேன்.

"யம்மா, செவ்வாய்க்கிழமை வரணும். நான் செஞ்சது தப்பு. நீங்க வந்தாத்தான் அவ ஊசி போட்டுக்கிடுவா. எனக்காண்டி இல்லை."

"வாரேன் அண்ணாச்சி" என்றது. "ஒண்ணு மட்டும். கதவச் சாத்தமாட்டேன். நீங்களும் உள்ள இருக்கணும்."

"அவ விடமாட்டா."

"அத அக்காகிட்டக் கேட்டுக்கிடுவோம்."

ஆகஸ்ட் 5, செவ்வாய்

மூன்று ஐம்பத்தேழு.

ஸ்கூட்டிச் சத்தம் கேட்டதும் ஆவுடை தானாக எழுந்து உட்கார்ந்தாள். நான் கூடத்தில் நின்றேன். உள்ளிருந்து, "அவுகளையும் வரச் சொல்லு" என்று குரல்.

நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன். அழுத்தவேயில்லை. உள்ளங்கையைப் பாதத்தில் வைத்து அப்படியே இருக்கிறது. பிறகு மெதுவாகக் குதிகாலிலிருந்து விரல்வரை ஒரு ஓட்டம். திரும்பவும் வைத்துக்கொண்டு இருக்கிறது. அவசரமே இல்லை. நான் தேய்த்த தேய்ப்பை நினைத்துக் கூசியது.

முடிக்கும்போது ஆவுடை சேலைத் தலைப்பை ஒரு பக்கம் ஒதுக்கினாள். என்னைப் பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "பாக்கதுன்னா பாத்துக்கிடுங்க" என்றாள்.

பார்த்தேன். ஒரு கோடு. ஒரு பக்கம் கொஞ்சம் சுருங்கியிருந்தது. "இவ்வளவுதானா?" என்று வாயில் வந்துவிட்டது.

"நீங்க மூஞ்சியச் சுளிச்சா நான் தாங்கமாட்டேன்னுதான் காட்டல. அவ சுளிச்சா எனக்கென்ன, வேற ஆள வரச் சொல்லிக்கிடலாம்" என்றாள். ஜெபக்கனி பையைக் கட்டிக்கொண்டே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது. அப்புறம் கொல்லைக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன்.

4. நோட்டில் அவளே பெருவிரலை மையில் ஒற்றி வைத்தாள்.

ஆகஸ்ட் 7, வியாழன்

ஐந்தாவது ஊசி போட்டாயிற்று. ஒன்று பாக்கி.

ஆகஸ்ட் 11, திங்கள்

9. உள்ளபடியே எழுதி, நானே போன் பண்ணிச் சொன்னேன். ரத்தம் பார்த்தார்கள். ஒன்பதரை இருக்கிறது, பயமில்லை என்றார்கள்.

சாயங்காலம் கால் உளைகிறது என்றாள். நாளைக்குத்தான் ஜெபக்கனி வரும். நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என்ன செய்வது, அந்தக் கால் எனக்கு இல்லையே.

கொஞ்ச நேரம் கழித்து, "அந்தக் கிண்ணத்த எடுங்க" என்றாள். ஜன்னல் திட்டில் மெட்டி கிடந்த கிண்ணம்.

"வீக்கம் வத்திருக்கான்னு மெட்டியப் போட்டுப் பாருங்க."

"நானா?"

"பொறவு யாரு போடுவா? மெட்டி புருசன்தானே போடணும். அதுல பாவமில்ல."

போட்டுப் பார்த்தேன். ஏறவில்லை. விரல் இன்னும் உப்பித்தான் இருக்கிறது. "ஏறலையே" என்றேன்.

"அவசரப்பட்டா ஏறுமா. வீக்கம் வத்துத மாதிரி கொஞ்சம் தடவிவிட்டுப் பாருங்க."

தடவினேன். பச்சைப்பிள்ளைக்குப் பவுடர் போடுகிற மாதிரி. அரை மணி நேரம் ஆயிற்று. காலை அவள் இழுத்துக்கொள்ளவில்லை.

ஆகஸ்ட் 20, புதன்

மெட்டி இன்றைக்கும் ஏறவில்லை. நாளைக்கும் போட்டுப் பார்க்க வேண்டும்.

நேற்று ஜெபக்கனி வந்து போன பிறகு 3 என்றாள். இன்றைக்கு முக்கால் மணி நேரம் நான் தடவினேன். முதுகு பிடித்துக்கொண்டது. ஆறு மணிக்கு நோட்டை மடியில் வைத்துக்கொண்டு கேட்டேன். என் முகத்தைப் பார்த்தாள், யோசித்தாள். எனக்காக ஒன்றிரண்டு குறைத்துச் சொல்லப் பார்க்கிறாள் என்று தெரிந்தது.

"உள்ளதச் சொல்லு" என்றேன்.

"அஞ்சு."

எரிச்சலாகத்தான் இருக்கிறது. 5 என்று எழுதினேன். பெருவிரலை ஒற்றினாள்.